விலைப்பத்திரம் இல்லாத வீடு

நம் ஊர்ப் பக்கங்களில் ஒரு வீட்டின் வரலாற்றை அறிய விரும்புவார்க்கு வழி எளிது. மரப்பெட்டியைத் திறந்தால் அடியில் தாய்ப்பத்திரம் இருக்கும். அதன்மேற் கிரயப் பத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இன்னார் குமாரர் இன்னார், இன்ன தேதியில், இன்ன தொகை பெற்றுக்கொண்டு, இன்னாருக்குச் சர்வ சுதந்திரமாய் விற்றுவிட்டார் என்பதும், கிழக்கே இன்னார் மனை, மேற்கே தெரு என நாற்புற எல்லைகளும், கிணறும் தென்னையும் உட்பட, அவற்றில் எழுதப்பட்டிருக்கும். பெட்டியில் இல்லாத செய்தி ஏதேனும் இருப்பின், பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று அதனையும் அறிந்துகொள்ளலாம்.

பம்பாய் மாட்டுங்காவில் மூன்று தலைமுறை வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெட்டியைத் திறந்து பார்ப்போமாயின், அங்கே காண்பது வேறு. நூலாற் கட்டிய வாடகைச் சீட்டுகள். மாதம் ஒன்றாக, ஆண்டுக்குப் பன்னிரண்டாக, தொகை பெரிதும் மாறாமல். அவற்றோடு மின்சாரக் கட்டணச் சீட்டுகள், பழைய பங்கீட்டு அட்டை, சொந்தக்காரரோடு நடந்த வழக்கின் நகல் ஒன்றிரண்டு. விலைப்பத்திரம் என்று ஒன்றேனும் இராது. அக்குடும்பத்தார் அவ்வீட்டை ஒருநாளும் வாங்கினாரில்லை. எனினும் அதனைத் தம் வீடு என்றே சொன்னார்கள். அயலாரும் அவ்வாறே சொன்னார்கள்.

இஃது எவ்வாறு இயன்றது என்பதே இங்குக் கூறப்புகும் செய்தி. மாட்டுங்காவைத் தமிழ்ப் பேட்டையாக நிலைநிறுத்தியவை கோயிலும் சபாவும் காப்பிக் கடையும் என்பது நம்மிடையே வழக்கமாகச் சொல்லப்படுவது. அவற்றின் சிறப்பைக் குறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் நின்றது, விற்கவும் வாங்கவும் இயலாத ஒரு வீட்டு முறையே என்பது என் கருத்து. அக்கட்டடங்கள் பல இந்நாளில் இடிக்கப்பட்டு வருகின்றன. இம்மலரைப் படிக்கும் குடும்பங்களிற் சிலவற்றின் முன் கையொப்பத்திற்கான காகிதங்களும் வந்திருக்கும். ஆதலின் இதனைப் பழங்கதையாக மட்டும் கொள்ள வேண்டா.

மாட்டுங்கா என்னும் பெயர் யானையைக் குறிக்கும் மாதங்கம் என்னும் வடசொல்லிலிருந்து வந்ததென்றும், பண்டை அரசர் ஒருவர் தம் யானைகளை அங்கே கட்டியிருந்தாரென்றும் சொல்வர். அதனைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டிய வரலாறு 1896ஆம் ஆண்டு தொடங்குகிறது. அவ்வாண்டு செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர் பிளேக் என்னும் கொள்ளைநோயை அடையாளங் கண்டார். பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவையே. பல்லாயிரவர் மாண்டனர், அதனினும் பன்மடங்கினர் ஊரை விட்டு ஓடினர், ஆலைகள் ஆளின்றி நின்றன. நெருக்கமான சால்களும் காற்றுப் புகாத அறைகளுமே நோய்க்கு வித்து என்று அக்காலத்து அதிகாரிகள் உறுதியாக நம்பினர். எலியும் அதன்மேல் வாழும் தெள்ளுமே நோயைப் பரப்புவன என்பது சில ஆண்டுகளுக்குப் பின்னரே ஐயமற விளங்கிற்று. அரைகுறை அறிவின்மேல் எழுந்த கொள்கையாயினும், அதனால் விளைந்த நன்மை பெரிது. நகரத்துக்குக் காற்று வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1898இல் ஒரு சட்டம் இயற்றிப் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தார்கள்.

இந்த டிரஸ்டு தெற்கே பழைய நகரில் வீடுகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தது. வடக்கே வெற்று நிலங்களை எடுத்துப் புதிய பேட்டைகளை வகுத்தது. தாதர்-மாட்டுங்கா நிலம் ஐந்தாம் திட்டம். சயான்-மாட்டுங்கா நிலம் ஆறாம் திட்டம். சயானில் இன்றும் முகவரி எழுதுவோர் "ஸ்கீம் 6, ரோடு நம்பர் இத்தனை" என்று எழுதுவதைக் காண்கிறோம். அவ்வெண், பிளேக்குக்குப் பின் எழுந்த அத்திட்டத்தின் எண்ணே ஆகும். சாலைக்குப் பெயர் சூட்டப் பொழுதில்லாத அதிகாரி ஒருவர் இட்ட எண், நூறாண்டு கடந்தும் அஞ்சற்காரர்க்குப் பயன்பட்டு வருகிறது.

அந்நிலங்கள் வெற்று நிலங்கள் என்று சொன்னோம். அதிகாரிகளின் வரைபடத்தில்தான் அவை வெற்று நிலங்கள். நெல் விளையும் வயலும், கள் இறக்கும் பனையும், தென்னந்தோப்பும், அங்கங்கே சிற்றூர்களும் அங்கே இருந்தன. பண்டாரிகளும் கோலிகளும், பம்பாயின் பழங்கிறித்தவரும் அவற்றில் வாழ்ந்தனர். மாட்டுங்காவில் உள்ள மருபாய் கோயில் அப்பழங்குடிகளின் கிராம தேவதையின் கோயிலே. அவர்களுடைய நிலம் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது. விலையை வைத்தவர் வாங்கியவரே. விற்றவர் நீதிமன்றத்தில் முறையிடலாமேயன்றி விற்க மறுத்தல் இயலாது. நாம் தேடும் விற்பனைச் சங்கிலியில் முதற்கண்ணி இதுவே. மாட்டுங்கா மண்ணில் முழு உரிமையோடு நிகழ்ந்த விற்பனை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

ஏனெனில், டிரஸ்டு தான் எடுத்த நிலத்தை மீண்டும் விற்கவில்லை. சாலையும் சாக்கடையும் அமைத்து, மனைகளாகப் பிரித்து, அவற்றை நீண்டகாலக் குத்தகைக்கே விட்டது. 99 ஆண்டுக் குத்தகையும் உண்டு. 999 ஆண்டுக் குத்தகையும் உண்டு. ஆயிரத்துக்கு ஒன்று குறைவான ஆண்டுக்கு நிலத்தைப் பெற்றவன் சொந்தக்காரனாயிற்றே என்று நாம் நினைக்கலாம். சட்டம் அவ்வாறு நினைப்பதில்லை. குத்தகைச் சீட்டில் கட்டுப்பாடுகள் நிறைந்திருந்தன: இத்தனை காலத்துக்குள் கட்ட வேண்டும், இவ்வளவு இடம் வெளியாக விட வேண்டும், இவ்வளவு உயரத்துக்கு மேற் செல்லலாகாது.

இவ்விடத்தில் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். டிரஸ்டின் தலைவராயிருந்த ஜே. பி. ஆர் என்னும் ஆங்கிலேயர், 1912இல் பம்பாய் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அறுபத்து மூன்றரைப் பாகை விதி என்பதை அவர் வற்புறுத்தினார். அறையின் வெளிச்சுவரடியிலிருந்து அறுபத்து மூன்றரைப் பாகைச் சாய்வில் ஒரு கோடு மேலே செல்வதாகக் கொண்டால், எதிர்க் கட்டடம் அக்கோட்டைத் தாண்டி உயரக் கூடாது. கணக்கை எளிதாக்கிச் சொன்னால், எதிர்ச்சுவரின் உயரம் இடையிலுள்ள வெளியைப்போல் இருமடங்குக்கு மேற் போகலாகாது. முப்பதடி உயரச் சுவருக்குப் பதினைந்தடியாவது வெளி வேண்டும். மாட்டுங்காவில் இரண்டு கட்டடங்களுக்கிடையே ஒரு மாமரமோ வேம்போ நிற்க இடம் இருந்ததும், மார்கழிக் காலையில் மூன்றாம் மாடிச் சமையலறைக்குள் வெயில் வந்ததும், நம்மவர் அதனைத் திருவருள் என்று எண்ணியதும், எல்லாம் இவ்விதியின் பயனே. மழைக்காலத்தில் அதே வெளிவழியே சாரல் உள்ளே வந்து அரிசி மூட்டையை நனைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மனைகள் உடனே நிரம்பவில்லை. இடையே முதல் உலகப்போர் வந்தது. 1920க்குப் பின்னரே கட்டடங்கள் விரைந்து எழுந்தன. தாதரை ஒட்டிய பகுதியில் 103 மனைகளைத் தம் இனத்தாருக்கென்று பெற்றுப் பார்சி காலனியை அமைத்தவர், டிரஸ்டில் பொறியாளராயிருந்த மஞ்செர்ஜி ஜோஷி. இந்து காலனி அதற்கு அயலது. மாட்டுங்காவில் இருப்புப்பாதைத் தொழிற்சாலை 1915இல் அமைந்திருந்தது. விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923இல் அங்கே இடம் மாறி வந்தது. 1925 பிப்ரவரி 3ஆம் நாள், நாட்டின் முதல் மின்சார இரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதை வழியே வடாலாவைக் கடந்து குர்லா சென்றது. கோட்டைப் பகுதி அலுவலகத்தில் பத்து மணிக்குக் கையெழுத்திட வேண்டிய குமாஸ்தா ஒருவர், மாட்டுங்காவில் நிதானமாக உணவு கொண்டு புறப்படலாம் என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

மனைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியவர்களிற் குஜராத்தி, கச்சி வணிகர் பலர். அவர்கள் குடியிருக்கக் கட்டவில்லை; வாடகைக்கு விடவே கட்டினர். கீழ்த்தளமும் அதன்மேல் இரண்டு மூன்று மாடிகளும். தளத்துக்கு இரண்டு அல்லது நான்கு வீடுகள். இவ்வகை வீட்டைப் பம்பாய்த் தமிழர் "பிளாக்" என்றனர். சாலில் ஓர் அறை மட்டும் நமது. குழாயும் கழிப்பிடமும் ஊர்ப்பொது. பிளாக்கிலோ சமையலறை, குளிக்கும் அறை, கழிப்பறை யாவும் ஒரே கதவுக்குள். இன்று இதில் வியப்பொன்றும் இல்லை. அக்காலத்தில் வியப்பு இருந்தது. தஞ்சையிலும் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் கொல்லைக் கோடியில் இருந்த ஒன்று, இங்கே அடுப்புக்குப் பத்தடியில் வந்துவிட்டது. மடியும் ஆசாரமும் காத்த பாட்டிமார் இதனை ஏற்றுக்கொண்டது எங்ஙனம் என்பது தனியே ஆராயத்தக்கது. குழாயில் நீர் நாள்தோறும் வந்ததும், அக்குழாய் தமக்கே உரியதாயிருந்ததும் அவர்கள் மனத்தை மாற்றியிருக்கலாம்.

வந்தவர்கள் தட்டெழுத்தாளர், சுருக்கெழுத்தாளர், கணக்கர், இருப்புப்பாதை ஊழியர், ஆசிரியர். ஒருவர் வந்து வேலையில் அமர்ந்ததும் தம்பிக்கு எழுதுவார். தம்பி வந்ததும் மைத்துனனுக்கு எழுதுவார். இவர்களுக்குப் பின்னே நிறுவனங்கள் தோன்றின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் எம். வி. வேங்கடேசுவரனால் தொடங்கப்பட்டது. மனைவியை ஊரில் விட்டு வந்தவர்க்கும் மணமாகாதவர்க்கும் இரயில் நிலையத்தை அடுத்து 1942இல் ராம நாயக்கின் உடுப்பி போர்டிங் வாழையிலை போட்டது. சண்முகானந்த சபை 1952இல் உருவாகி, 1963இல் தன் பேரரங்கைத் திறந்தது. 1990இல் அவ்வரங்கு தீக்கிரையானதையும் 1998இல் மீண்டும் எழுந்ததையும் நம்மிற் பலர் கண்ணாற் கண்டோம். ஆஸ்திக சமாஜத்தின் வாயிலில் பூக்கட்டி விற்போரையும், கறிவேப்பிலையும் வாழையிலையும் குவிந்த கடைகளையும் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. மாதம் ஒருமுறையேனும் அங்கே செல்லாத இல்லத்தரசி நம் காலனியில் அரியர்.

இத்துணை நிறுவனங்களைக் கட்டியவர்கள் தமக்கென ஒரு வீட்டை வாங்காதது ஏன்? வாங்க இயலாமை ஒரு காரணம். தனி பிளாக்கைத் தனியே விலைக்கு விற்கும் முறையே அக்காலத்தில் வேரூன்றவில்லை. கட்டடம் முழுவதையும் வாங்கலாம், அன்றேல் வாடகைக்கு இருக்கலாம். பெரிய காரணம் மனத்தில் இருந்தது. பம்பாய் வேலைக்குரிய இடம். ஊர் வாழ்வதற்குரிய இடம். ஓய்வு பெற்றதும் திரும்பிவிடுவோம் என்று அனைவரும் எண்ணினர். மிச்சம் பிடித்த பணம் மணியார்டரில் ஊருக்குச் சென்று நிலமாயிற்று. கிரயப் பத்திரம் எழுதும் ஆசை அங்கே நிறைவேறிற்று.

பிறகு நிகழ்ந்ததை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகிறது. கேரளத்தில் 1963ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பின்வந்த திருத்தத்தின்படி, 1970 ஜனவரி 1ஆம் நாள் முதல் குத்தகை முறையையே ஒழித்து, உழுதவனுக்கு உரிமையளித்தது. சென்னை மாநிலத்திலும் 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1961இல் நில உச்சவரம்புச் சட்டமும் வந்தன. பாலக்காட்டில் பத்திரத்தோடு வாங்கிய வயல், பத்திரம் பெட்டியில் இருக்கவே, கையை விட்டுப் போயிற்று. மாட்டுங்காவில் பத்திரமே இல்லாத பிளாக்கோ கையில் நிலைத்தது. அங்கே நிலவுடைமையாளராய் இருந்து சட்டத்தைத் தூற்றியவரே, இங்கே குடிக்கூலிக்காரராய் இருந்து சட்டத்தைப் போற்றினார். இரண்டு சட்டங்களின் நியாயமும் ஒன்றே என்பதை அக்காலத் திண்ணைப் பேச்சில் ஒப்புக்கொண்டவர் சிலரே.

வாடகைச் சட்டம் என்ன செய்தது என்பதைச் சற்றே விளக்க வேண்டும். 1930களில் உலகப் பொருளாதார மந்தத்தால் வாடகை தாழ்ந்திருந்தது. இரண்டாம் உலகப்போரோடு நகரத்தில் மக்கள் பெருகினர். வீட்டுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அரசாங்கம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1ஆம் நாள் என்ன வாடகையோ அதுவே நியாய வாடகை என்று வரையறுத்தது. வாடகையை ஒழுங்காகச் செலுத்தும் குடித்தனக்காரரை எளிதில் வெளியேற்ற இயலாது. தற்காலிகம் என்று தொடங்கிய சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, ஐம்பதாண்டு நின்றது. 1940இன் வாடகையும் வரிகளைத் தவிர ஏறக்குறைய அப்படியே நின்றது. பாலும் அரிசியும் பன்மடங்கு விலையேற, பிளாக்கின் வாடகை மட்டும் காந்தியடிகள் வாழ்ந்த காலத்துத் தொகையாகவே இருந்தது.

இதனால் பகடி என்னும் வழக்கம் பிறந்தது. மராத்தியில் அச்சொல்லுக்குத் தலைப்பாகை என்பது பொருள்; நம் மொழியில் கேலி என்பது பொருள். இரண்டும் பொருந்தும். குடித்தனத்தை விட்டுச் செல்பவர், புதிதாக வருபவரிடம் ஒரு பெருந்தொகை பெறுவார்; அதில் ஒரு பங்கைக் கட்டடச் சொந்தக்காரர் பெற்றுக்கொண்டு, அடுத்த மாதம் முதல் வாடகைச் சீட்டைப் புதியவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பார். 1947ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தொகை பெறுவதைக் குற்றமென்றது. ஆதலின் தொகை எந்தக் காகிதத்திலும் ஏறாது. மாட்டுங்கா வீட்டின் விற்பனை வரலாற்றைத் தேடுபவன் பதிவு அலுவலகத்துக்குச் செல்வதிற் பயனில்லை. வாடகைச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். எந்த மாதம் பெயர் மாறிற்றோ, அந்த மாதம் வீடு விலைபோயிற்று. அத்தொகை எவ்வளவு என்பது கொடுத்தவரும் பெற்றவரும் மட்டுமே அறிந்த செய்தி. அவர்களிற் பலர் இன்று இல்லை.

செய்தித்தாளில் விளம்பரம் செய்து இவ்வாறு விற்க இயலாது. நம்பிக்கையான ஆள் வேண்டும். நம்பிக்கையான ஆள் யார்? அலுவலகத்து நண்பர், ஊர்க்காரர், தம் வீட்டிலேயே உண்டு தங்கியிருந்த இளைஞர், ஒன்றுவிட்ட தம்பி. எனவே தமிழர் விட்ட பிளாக்கிற்குத் தமிழரே வந்தனர். திறந்த சந்தை இருந்திருப்பின் முப்பதே ஆண்டுகளில் பேட்டையின் முகம் மாறியிருக்கும். ஊர் திரும்புவோம் என்றிருந்த முதல் தலைமுறையும், குறைந்த வாடகையை விட மனமின்றித் தங்கிவிட்டது. கல்விச் சங்கத்துக்கு நன்கொடையாகவும், சபாவுக்குச் சந்தாவாகவும் சென்ற பணத்தில் ஒரு பகுதி, கட்டடச் சொந்தக்காரருக்குச் செல்லாது நின்ற வாடகையே என்று கொள்ளலாம். சொந்தக்காரரும் சும்மா இருக்கவில்லை, பழுதுபார்ப்பதை நிறுத்தினார். தூண்களில் இரும்பு துருப்பிடித்து வெளியே தெரிந்தது. மழைக்காலத்தில் பால்கனிகள் விழுந்தன. 1969இல் அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றி, இத்தகைய பழங்கட்டடங்கள்மீது வரி விதித்து, அவ்வரியைக் கொண்டு பழுதுபார்க்க ஒரு வாரியத்தை அமைத்தது. 1940 செப்டம்பருக்கு முன் கட்டியவை முதல் வகை எனப்பட்டன. மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது இருப்புப்பாதைக்கு மேற்கே பார்க்காமல் இருப்பது நேர்மையாகாது. அங்கே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த ஆதிதிராவிடரும், முஸ்லிம்களும், நாடார்களும், பிறரும் நம் குமாஸ்தாக்களுக்கு முன்பிருந்தே அங்கே குடியேறியிருந்தனர். அவர்களும் தமிழரே, எண்ணிக்கையில் நம்மினும் மிக்கவர். டிரஸ்டின் விதிகள் அங்கே எட்டவில்லை. குத்தகைச் சீட்டு இல்லை. வாடகைச் சட்டத்தின் காப்பும் அவர்களுக்குப் பெரிதும் கிட்டவில்லை. 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்து அரசாங்கம் வழங்கிய புகைப்பட அட்டையே அவர்களிற் பலருக்கு வீடு என்பதற்குக் கிடைத்த முதற்காகிதம். ஒரே மொழி பேசும் இரண்டு பேட்டைகளுக்கு நடுவே சில தண்டவாளங்கள்தாம் இருந்தன. அவற்றைக் கடந்து எத்தனை முறை நாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றோம் என்பதைச் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் தமக்குள் எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக் காகிதம் இல்லாமையால் அவர்கள் பட்ட அச்சத்தில் ஒரு சிறு துளியையே நாம் இன்று பட்டுக்கொண்டிருக்கிறோம்.

1960களில் நிலைமை மாறத் தொடங்கிற்று. தனித்தனி வீட்டை விலைக்கு விற்பதை ஒழுங்குபடுத்த மகாராஷ்டிரத்தில் 1963இல் சட்டம் வந்தது. கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கங்கள் பெருகின. டிராம்பேயில் அணுசக்தி நிலையமும், 1950களின் இடையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஏற்பட்டமையால், இளைஞர் செம்பூருக்குச் சென்றனர். பின்னர் முலுந்துக்கும் டோம்பிவிலிக்கும் சென்றனர். 1966இல் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சி பலரைக் கலங்கச் செய்தது உண்மை. ஆனால் மாட்டுங்காவை விட்டுப் பெருந்திரளாக யாரும் ஓடவில்லை. ஓடுபவன் எதையேனும் விற்றுவிட்டு ஓட வேண்டும். விற்க இவர்களிடம் என்ன இருந்தது?

இளையவன் சென்றான், மூத்தவனோ பெற்றோரோ தங்கினர். இங்கேதான் பெட்டியிலுள்ள சீட்டுகள் குடும்பத்துக்குள் வழக்காயின. ஊர்வீடு தந்தைக்குப் பின் மக்கள் அனைவர்க்கும் பங்காகும். வாடகை வீடு அவ்வாறு பங்காவதில்லை. குடித்தனக்காரர் இறக்கும்போது அவரோடு அவ்வீட்டில் வாழ்ந்த குடும்பத்தினர்க்கே அவ்வுரிமை செல்லும் என்பது சட்டம். உயில் எழுதி அதனை வேறொருவர்க்குக் கொடுக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. செம்பூரில் தனிக்குடித்தனம் சென்ற தம்பிக்கும், மணமாகிச் சென்ற தங்கைக்கும் அதில் இடமில்லை. தாயை இறுதிவரை பேணியவன் தனக்கே வீடு என்கிறான். தந்தை பகடி கொடுத்த காலத்தில் என் சம்பளமும் அதிற் சேர்ந்தது என்கிறான் மற்றவன். அதற்குக் காகிதம் எங்கே? திருமணப் பத்திரிகையில் பெயர் அச்சிடாத அளவுக்கு இவ்வழக்கு சில குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. சொந்தக்காரரோடு நடந்த வழக்கைவிடக் கசப்பானது இது.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 1940இன் வாடகையை அப்படியே உறையவைத்திருப்பது நியாயமாகாது என்று கூறிற்று. அதன்பின் 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் ஏறலாம் என்றது அச்சட்டம். இன்னொன்றையும் செய்தது: குடித்தனத்தை விட்டுக்கொடுப்பதற்குக் குடித்தனக்காரரும், அம்மாற்றத்துக்கு இசைவு தருவதற்குச் சொந்தக்காரரும் தொகை பெறலாம் என்று அனுமதித்தது. தலைப்பாகை வெளிச்சத்துக்கு வந்தது. அரை நூற்றாண்டு குற்றமாயிருந்தது ஒரே நாளில் முத்திரைத்தாளில் எழுதத்தக்கதாயிற்று. அன்று முதல் சந்தை திறந்தது எனலாம். நம்பிக்கையான ஆளைத் தேட வேண்டிய தேவை குறைந்தது. தொகை மிகுதியாகத் தருபவர்க்கு வீடு சென்றது. மாட்டுங்காவின் மாடிப்படிகளில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் குறைந்து வருவதைக் கண்டு வருந்துவோர், அதன் காரணத்தை அயலார்மேற் சுமத்துவதற்கு முன் இச்சட்டத்தின் அப்பிரிவைப் படிப்பது நன்று. பலகையைக் கழற்றியவர் பெரும்பாலும் நாமே. தொகையைப் பெற்றவரும் நாமே.

இப்போது நடப்பது இறுதிக்கட்டம். 1991ஆம் ஆண்டின் நகர வளர்ச்சி விதிகள், வாரியத்துக்கு வரிசெலுத்தும் பழங்கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவோர்க்கு மிகுதியான தளப்பரப்பை அளித்தன. குடியிருப்போரிற் பெரும்பகுதியினர் இசைய வேண்டும். அவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் விலையின்றி வீடு தர வேண்டும். எஞ்சிய தளங்களைக் கட்டுபவர் விற்றுக்கொள்ளலாம். அறுபத்து மூன்றரைப் பாகைக் கோட்டை யாரும் இப்போது வரைவதில்லை. மூன்று மாடி நின்ற இடத்தில் கோபுரம் எழுகிறது. மாமரம் நின்ற இடம் வண்டிகள் நிறுத்துமிடம் ஆகிறது. கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்குத் தங்க வேண்டும். அவ்வாடகையைக் கட்டுபவர் தருவார் என்பது ஒப்பந்தம். தொடங்கிய வேலை நடுவில் நின்று, வெளியே தங்கிய முதியவர் திரும்பாமலே போனதும் உண்டு.

கையொப்பமிடுமாறு வரும் காகிதத்தில் பார்க்க வேண்டியவை சில. யார் பெயரில் புதிய வீடு எழுதப்படுகிறது? வாடகைச் சீட்டு இன்னும் இறந்த தந்தையின் பெயரிலேயே இருக்கிறதா? தாயின் பெயர் எங்கே? வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தாரின் இசைவு எழுத்தில் உண்டா? பழைய வீட்டின் பரப்பு எவ்வாறு அளக்கப்பட்டது, பால்கனி சேர்ந்ததா? சீட்டுகளைப் பழங்காகிதக்காரனுக்கு எடைபோட்டுவிட்ட குடும்பங்கள் இவ்வேளையில் மின்சாரக் கட்டணச் சீட்டையும் வாக்காளர் பட்டியலையும் தேடி அலைகின்றன.

கட்டடம் முடிந்து குடியிருப்புச் சங்கம் அமைந்ததும், அக்குடும்பத்துக்குப் பங்குச் சான்று ஒன்று வழங்கப்படும். ஐம்பது ரூபாய்ப் பங்குகள் சில. அதனோடு பதிவு செய்த உடன்படிக்கையும் கைக்கு வரும். பாட்டனார் கோட்டையிற் சுருக்கெழுத்துக் குறித்த காலத்திலிருந்து கணக்கிட்டால், மாட்டுங்காவில் அக்குடும்பத்தின் பெயருக்கு எழுந்த முதற் பத்திரம் அதுவே. அதன் கடைசி ஏட்டில் சொத்து விவரம் இருக்கும்: வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே என நான்கு எல்லைகள், நம் ஊர்ப் பத்திரத்தில் உள்ளவாறே. மனை எண் டிரஸ்டு இட்ட எண். திட்ட எண்ணும் டிரஸ்டு இட்டதே. அந்த டிரஸ்டு 1933இல் கலைந்து, அதன் நிலமெல்லாம் மாநகராட்சியின் உடைமையாயிற்று. ஆதலின் பல மனைகளின் பத்திரங்களில், நிலத்தின் உரிமையாளர் பம்பாய் மாநகராட்சி என்றும், நிலம் குத்தகைக்கு உரியது என்றும் முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கும்.